துவைக்கிற கல்லும் ஒரு பவழமல்லியும்

2022 ஆடியில் அம்மா தவறிப்போனார். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும் அண்ணன் கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தருமபுரியில் கல்லுக்கா பஞ்சம்? கறுப்பு கிரானைட் பலகையில் பெயரும் தேதியும் பொறித்துக் கொல்லையில் நிறுத்திவிடலாம் என்றார். பட்டறைக்குப் போய் மாதிரி பார்த்தோம். முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ். எனக்கு இடுகாட்டு நினைப்புத்தான் வந்தது. "காலையில பல் துலக்க வரும்போது இது முன்னாடி என்னால நிக்க முடியாதுண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

கல் நிறுத்துவது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. வில்லோடும் வாளோடும் வயலோரம் நிற்கிற நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறவர்கள் நாங்கள். ஆனால் அவை பெரும்பாலும் மாடு மீட்கப் போய்ச் செத்தவர்களுக்கு எடுத்தவை. அம்மா போருக்குப் போனதில்லை, ரேஷன் கடை வரிசையைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

நடுகல் எடுப்பதில் முதல் படியைத் தொல்காப்பியம் 'காட்சி' என்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது. எங்களுக்கு அந்தக் கல் தண்ணீர்த் தொட்டியோரம் ஏற்கெனவே கிடந்தது: அம்மா துணி துவைத்த கல். வாஷிங் மெஷின் வந்த பிறகும் போர்வையை அதில்தான் அடித்துத் துவைப்பார். சாயங்காலம் டீ டம்ளரோடு உட்காருவதும் அதன் மேல்தான். கல்லை நீராட்டுகிற 'நீர்ப்படை'யும் அதற்கு முப்பது வருடமாக நடந்திருந்தது.

அதை நட்டுவைக்க வேண்டும் என்று இரண்டு ஆட்களைக் கூப்பிட்டேன். கடப்பாரை போட்டு நெம்பியதில் பத்தடி நகர்ந்தது, நிமிரவில்லை. நிறுத்தினால் மூன்றில் ஒரு பங்கையாவது மண்ணுக்குள் இறக்க வேண்டும், அப்புறம் வெளியே என்ன மிஞ்சும் என்று பெரியவர் கேட்டார். சரி, படுத்தே இருக்கட்டும் என்று விட்டோம். மழைத் தண்ணீர் தேங்காமல் இருக்க அடியில் ஜல்லி போட்டு, ஒரு பக்கம் கொஞ்சம் சரிவாக வைத்தோம். செய்ததில் உருப்படியான வேலை அதுதான்.

அஸ்தியில் ஒரு பிடி எடுத்து வைத்துச் செடிக்குப் போட ஆசைப்பட்டேன். "ஊட்டு எல்லைக்குள்ள வெக்கக் கூடாது கண்ணு" என்று அத்தை ஒரே பிடியாக நின்றார். எல்லாவற்றையும் ஒகேனக்கல்லில் கரைத்தோம். பிறகு நர்சரிக்காரரிடம் சொன்னபோது, அந்தச் சாம்பலில் உப்பும் காரமும் அதிகம், அப்படியே போட்டிருந்தால் நாற்றின் வேர் கருகியிருக்கும் என்றார். அத்தைக்கும் அவருக்கும் காரணம் வேறு, தீர்ப்பு ஒன்று.

புரட்டாசியில் பவழமல்லி வைத்தேன். கல்லை ஒட்டி வைத்தது என் முட்டாள்தனம். வெயிலில் கல் கொதித்து, அந்தச் சூட்டில் இலையெல்லாம் சுருண்டு முதல் கன்று போய்விட்டது. இரண்டாவதை நாலடி தள்ளி, இரண்டடிக் குழியில் செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்து வைத்தேன். அடுத்த கோடையில் அதுவும் இலையை மொத்தமாக உதிர்த்தது. அன்றைக்கு அழுதேன், அம்மா போன அன்றைக்குக் கூட அப்படி அழவில்லை. பவழமல்லி வறட்சியில் இலை உதிர்க்கிற மரம் என்பது எனக்கு அப்போது தெரியாது. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை இருந்தது.

தினமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று முதலில் எடுத்துக்கொண்டது அகல் விளக்கு. காற்றில் அணைந்தது, செங்கல்லால் மாடம் கட்டினேன். பிறகு திரி காணாமல் போனது. ஒருநாள் காகம் எரிகிற திரியையே கவ்விப்போய்ப் பக்கத்து வீட்டுக் கீற்றுக் கொட்டகை மேல் போட்டது. நல்லவேளை, அன்று மழை பெய்து கீற்று நனைந்திருந்தது. இப்போது விளக்கு அமாவாசைக்கு மட்டும், அதுவும் அணையும் வரை நான் பக்கத்திலேயே இருப்பேன். கண்ணை மூடித் தியானம் செய்தும் பார்த்தேன். கொல்லைக் கொசுவுக்கு அதெல்லாம் புரியாது.

கடைசியில் நிலைத்தது அரிசி கழுவிய தண்ணீர்தான். எப்படியும் கொட்ட வேண்டிய தண்ணீர், அதை மரத்தடியில் ஊற்றுகிறேன். ஊற்றப் போனால் பத்து நிமிடம் உட்காருவேன், போன் வீட்டுக்குள்ளேயே கிடக்கும். காய்ச்சலில் நான் படுத்த ஐந்து நாளும் மகள் சொல்லாமலே ஊற்றியிருக்கிறாள்.

மூன்றாம் வருடம் மரம் பூத்தது. இரவில் விரியும் பூ, விடிவதற்குள் உதிர்ந்துவிடும். தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது என்பார்கள், பவழமல்லிக்கு மட்டும் அதில் விலக்கு. நான் பொறுக்குவதில்லை. சிவப்புக் காம்பு மேலே தெரிய, கல்லின் மேல் கவிழ்ந்தபடியே கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

ஐப்பசியில் அண்ணன் தீபாவளிக்கு வந்திருந்தார். விடியற்காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால், பூவை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, கல்லின் மேல் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார்.