கோல்டு நானோபார்ட்டிகிள் புராஜெக்ட் எடுக்கப் போறீங்களா, நான் பட்ட பாட்ட படிச்சிட்டு எடுங்க

எம்.எஸ்சி கடைசி செமஸ்டர்ல தங்க நானோ துகள் வச்சு டிஎன்ஏ கண்டுபிடிக்கிற புராஜெக்ட் பண்ணேன், துகள் தனித்தனியா இருந்தா சிவப்பு, கூடி ஒட்டிக்கிட்டா நீலம், சிவப்பு நீலமா மாறுனா ரிசல்ட், அவ்ளோதானேன்னு நெனச்சுதான் எடுத்தேன், முதல் ஒரு மாசம் சிவப்பே வரல.

செய்முறை டீ போடுற மாதிரிதான். 1 மில்லிமோலார் ஆரிக் குளோரைடு கரைசல நல்லா கொதிக்க விட்டு சிட்ரேட்ட ஒரே தடவைல ஊத்தணும், மஞ்சள் மறைஞ்சு, கருத்து, அப்புறம் ஒயின் கலர் வரும். எனக்கு ஊதாதான் வந்துச்சு, ஏன்னா பாத்திரத்த அக்வா ரெஜியால (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கழுவாம சோப்பு போட்டு கழுவிட்டு இருந்தேன். (அக்வா ரெஜியாவ ஃபியூம் ஹுட்ல, அதாவது புகைய இழுக்குற அலமாரில, மட்டும் வைங்க, பாட்டில்ல ஊத்தி மூடி போட்டுறாதீங்க, வெடிக்கும்.) தங்க உப்ப எடுக்க ஸ்டீல் ஸ்பாட்டுலாவும் வேணாம், அரிச்சிடும்.

பெரிய அசிங்கம் அதுக்கப்புறம்தான். டிஎன்ஏவ பிபிஎஸ் பஃபர்ல (pH மாறாம வச்சுக்கிற கரைசல்) கரைச்சு ஒரு சொட்டு விட்டேன், கண் இமைக்கறதுக்குள்ள நீலம், உடனே ஃபோட்டோ எடுத்து கைடுக்கு அனுப்பிட்டேன். மேடம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "வெறும் பஃபர் போட்டு பாத்தியாமா?" போட்டேன், அதே நீலம். பிபிஎஸ்ல 137 மில்லிமோலார் உப்பு இருக்கு, சிட்ரேட் துகள் கூடிக்கிறதுக்கு அதுவே போதும். அதனால ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முதல்ல வெறும் உப்ப மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, 520லயும் 650 நானோமீட்டர்லயும் எவ்ளோ ஒளிய உறிஞ்சுதுன்னு ரீடிங் எடுத்து, எந்த அளவுல நீலமாகுதுன்னு குறிச்சு வைங்க, டிஎன்ஏவ அப்புறம் தொடுங்க.

ஒற்றை இழை டிஎன்ஏ தங்கத்து மேல ஒட்டிக்கிட்டு உப்புகிட்ட இருந்து காப்பாத்தும், அதனால சிவப்பாவே இருக்கும், நாம தேடுற டிஎன்ஏவோட ஜோடி சேந்துட்டா விறைப்பாயிடும், பேஸ் எல்லாம் உள்ள போயிடும், ஒட்டாது, உப்பு போட்டா நீலம். 2004ல லீயும் ராத்பெர்க்கும் காட்டுன வழி இது. 1996ல மிர்கின் குரூப் பண்ணது வேற, அங்க தயால் (தங்கத்துல ஒட்டுற கந்தகக் கொக்கி) வச்ச டிஎன்ஏவ துகள்லயே கட்டி விட்டு, டார்கெட்ட, அதாவது தேடுற டிஎன்ஏவ, வச்சு கோப்பாங்க, சூடு பண்ணா பிரிஞ்சு திரும்ப சிவப்பாகும், உப்புல கூடுனது அப்படி திரும்பாது. வைவால இத கலந்து உளறுனவங்கள எனக்குத் தெரியும்.

வைவால எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் என்கிட்ட கேட்டது, "பிரெக்னன்சி கிட்லயும் தங்கம்தானே, கோடு ஏன் நீலமாகல?" முழிச்சேன். அங்க ஆன்டிபாடி புடிச்சு துகள்கள் கோட்டுல சேருது, அவ்ளோதான், துகளோட துகள் ஒட்டி பிளாஸ்மான் (தங்கத்துக்கு நிறம் தர்ற எலக்ட்ரான் அசைவு) கலக்கற அளவுக்கு நெருங்கல, அதனால தங்கத்தோட சிவப்பே தெரியுது. இந்தப் பதில் வெளிய வந்து படியிறங்கும்போதுதான் தோணுச்சு.