பாண்டியன் ஏன் வீழ்ந்தான்: ஒரு மையக் கூற்று உருவான வழி

வன்னியில் உயர்தரத் தமிழ் படிக்கிற பிள்ளைக்குக் கண்ணகி கதையைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலும் முல்லைத்தீவுக் கோவலன் கூத்தும் முன்னமே சொல்லிவிடும். இலக்கியக் கட்டுரையில் இடறுவதும் அங்கேதான். "பாண்டியனின் வீழ்ச்சிக்குக் காரணம் யாது?" என்று கேட்டால் பேனை கதைக்குள் இறங்கிவிடுகிறது. இரண்டு பக்கம் போனபிறகும் எழுதியவரின் நிலைப்பாடு தெரியாது. மாங்கனியில் பிறந்த கண்ணகியும் இடையில் வந்துவிடுவாள்; அது ஈழத்துக் கண்ணகி கோயில்களில் படிக்கப்படும் 'கண்ணகி வழக்குரை' என்ற நூலின் மரபு, இளங்கோவின் சிலப்பதிகாரத்தில் இல்லை. ஆகவே முதல் வேலை, 16ஆவதான கொலைக்களக் காதையையும் 20ஆவதான வழக்குரை காதையையும் பென்சிலோடு வாசிப்பது.

அடுத்தது மையக் கூற்று: கட்டுரை முழுவதும் நிறுவப்போகிற நிலைப்பாட்டை ஒரே வரியில் சொல்வது. இந்தக் கேள்விக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதியதில் முதலில் வந்த வரி: "அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்பதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது." இங்கே 'கூற்று' என்றால் எமன். சரியான வரி, ஆனால் நூலின் முகவுரையான பதிகமே சொல்லிவிட்ட வரி. யாரும் மறுக்காத ஒன்றை நிறுவ 3 பக்கம் எதற்கு? அடித்துவிட்டோம்.

இரண்டாவது: "ஊழ்வினையே பாண்டியனை வீழ்த்தியது." இதை ஒருவர் மறுக்கலாம், அதனாலேயே முன்னதைவிட நல்லது. 'வினைவிளை காலம் ஆதலின்' என்று சான்றும் இருக்கிறது. ஆனால் அந்த இடத்திலேயே 'தேரான் ஆகி' என்றும் வருகிறது: ஆராயாதவன் ஆகி. எல்லாம் ஊழ்தான் என்றால், மன்னன் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று தன்னையே ஏன் குற்றவாளி ஆக்கவேண்டும்? கூற்றுக்கு இடிக்கிற அடியைக் கண்டால் மறைக்கக்கூடாது. கூற்றைத் திருத்துவதற்கான இடம் அதுதான்.

மறுபடி வாசித்தோம். பாண்டியனின் தேவி ஊடல் கொண்டு, தலைநோய் என்று சாட்டுச் சொல்லி எழுந்து போகிறாள். அவளைத் தேடி மன்னன் போகிற வழியில்தான் பொற்கொல்லன் வந்து காலில் விழுகிறான். சிலம்பு கள்வன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவரச் சொல்லிவிடுகிறான் மன்னன். சிலம்புக்குள் என்ன பரல் என்ற பேச்சே அப்போது எழவில்லை. கண்ணகியுடையது மாணிக்கம், தேவியுடையது முத்து என்பது ஓர் உயிர் போனபிறகு, வழக்குரை காதையில்தான் வெளிவருகிறது. இந்த இடைவெளியைக் கண்டதும் மூன்றாவது வரி தானாக வந்தது:

"ஊழ்வினை என்று இளங்கோ சொன்னாலும், பாண்டியனை வீழ்த்தியது விசாரியாத அவசரமே, அந்த அவசரத்தை ஊடலில் பிறக்கவைத்து, தீர்ப்பை மன்னன் வாயாலேயே சொல்லவைக்கிறார்."

இதில் 4 துண்டுகள் உண்டு: ஊழ், அவசரம், ஊடல், தன் தீர்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு பந்தி. ஒரு துண்டுக்குக் குறைந்தது 2 சான்றாவது நூலில் கிடைக்காவிட்டால் அதைக் கூற்றிலிருந்து எடுத்துவிடவேண்டும். 'சொன்னாலும்' என்ற சொல்லை விடக்கூடாது. எதிர்க்கருத்தை முதல் வரியிலேயே ஏற்றுக்கொண்டு மேலே போக அதுதான் வழி.

'பல காரணங்கள் உள்ளன' என்று தொடங்கினால் கட்டுரை பட்டியலாகிவிடும். 'சிறப்பாக', 'நயம்பட' போன்ற சொற்கள் எந்த நூலுக்கும் பொருந்தும், அதனால் இந்த நூலைப்பற்றி ஒன்றும் சொல்லா. கூற்று 25 சொல்லைத் தாண்டினால் பெரும்பாலும் இரண்டு கூற்றுகள் ஒன்றில் அடைபட்டிருக்கும்.

45 நிமிடக் கட்டுரை என்றால் கூற்றை உருவாக்க 8 நிமிடம் கொடுக்கலாம். விடைத்தாளின் தலைப்பில் 3 வரி வெறுமையாக விட்டு, கூற்றை வேலைத்தாளில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள். கடைசிப் பந்தி எழுதும்போது கூற்று கொஞ்சம் நகர்ந்திருக்கும். நகர்ந்த வடிவத்தையே அந்த 3 வரியில் எழுதுங்கள்.