நான் சொன்ன அரைகுறை விளக்கம்

பிரசவ வார்டில் நான் செவிலியராகச் சேர்ந்த காலத்தில் சிறுநீரைச் சோதனைக் குழாயில் காய்ச்சித்தான் புரதம் பார்ப்போம். சில சொட்டு அசிட்டிக் அமிலம் விட்ட பிறகும் வெண்மை கரையாமல் நின்றால் அல்புமின் என்ற புரதம் இருக்கிறது என்று பொருள். வந்தவர்களிடம் அதை ‘உப்பு இருக்கிறது’ என்று சொல்லிவிடுவோம். அந்தச் சொல்லை நம்பி எத்தனை வீடுகளில் கர்ப்பிணிக்கு உப்பில்லாத கஞ்சி கொடுத்திருப்பார்களோ, நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அப்படி உப்பை நிறுத்திவிட்டு வந்தவர்தான் அந்தப் பெண். முதல் கர்ப்பம், 33 வாரம். ரத்த அழுத்தம் 160/110. தலைவலி, கண் மங்கல். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் கசியும் பிரீஎக்லாம்ப்சியா என்ற நோய் முற்றியிருந்தது. வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் போட்டோம். மருந்து மிகுந்துவிடவில்லையே என்று ஒவ்வோர் ஊசிக்கு முன்பும் முழங்காலைத் தட்டிப் பார்த்து, மூச்சை எண்ணி, சிறுநீரை அளந்து கழிந்த இரவு அது.

“உப்பையே கண்ணில் காட்டவில்லை சிஸ்டர், பிறகும் ஏன் வீக்கம் வடியவில்லை?” என்று மாமியார் கேட்டார்.

இம்முறையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் அருகில் உட்கார்ந்தேன். “கரு பாதி தகப்பனுடையது அம்மா. தாயின் எதிர்ப்புச் சக்தி அதை அயலாக நினைத்துச் சண்டை போடுகிறது” என்றேன். மறுநாள் அறுவை சிகிச்சையில் 1.6 கிலோ எடையுடன் குழந்தை பிறந்தது. பார்க்க வந்தவர்களிடம் மாமியார் சொன்னது என் காதில் விழுந்தது: “இவள் உடம்புக்கே பிள்ளை பிடிக்கவில்லையாம்.”

சுருக்கென்று தைத்தது. நான் சொன்னது அரை உண்மை. கருப்பைச் சுவரில் இருக்கும் தாயின் எதிர்ப்பு அணுக்கள் நஞ்சுக்கொடி வேர்விட வழி செய்கிறவை. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுவரும் அங்குள்ள சுருள் தமனிகள் அகன்று கொடுக்கத் துணை நிற்பவை. அந்த ஒத்துழைப்பு குறைந்தால் தமனிகள் குறுகலாகவே நின்றுவிடுகின்றன. ரத்தம் சீராகக் கிடைக்காத நஞ்சுக்கொடி, சிதைந்த துகள்களையும் சில புரதங்களையும் தாயின் ரத்தத்தில் கலக்கவிடுகிறது. எல்லாக் கர்ப்பத்திலும் லேசான அழற்சி உண்டு. அது எல்லை மீறுவதே இந்த நோய் என்று 1999இல் ஆக்ஸ்ஃபோர்டின் ரெட்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதினார்கள். அழற்சியால் ரத்தக் குழாய்களின் உட்சுவர் கெட்டு, குழாய்கள் இறுகுகின்றன, கசிகின்றன. சிறுநீரகத்தில் கசிந்த புரதம்தான் சோதனைக் குழாயில் வெண்மையாக நின்றது. திசுக்களில் கசிந்த நீர்தான் அந்த வீக்கம்.

அன்று மாலையே மாமியாரிடம் மறுபடி பேசினேன். “உங்கள் மருமகள் உடம்பு பிள்ளையை வெறுக்கவில்லை அம்மா. நஞ்சுக்கொடிக்கு வேர் ஆழமாக இறங்கவில்லை. அதன் பட்டினி தாயையும் தாக்கிவிட்டது.”

அவர் வயலில் வேலை செய்தவர். “நட்ட நாற்று பச்சை பிடிக்காத மாதிரியா?” என்றார். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை. பிற தாய்மார்களிடமும் அதையே சொல்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னேன். பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம், தலைவலி என்றால் உடனே வர வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் 12 வாரத்துக்குள் வந்தால் மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார். இரண்டையும் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். மூன்று ஆண்டுகள் கழித்து அந்த அட்டையுடன் மருமகளை அழைத்து வந்தவர் மாமியார்தான். அப்போது பதினோராவது வாரம்.