ஏழு டிஸ்க்குகள்

நாமக்கல்லில் சொந்தமாக ஓர் ஆறு சக்கர லாரி ஓட்டுகிறேன். போன மாதம் டியூப்லெஸ் டயருக்கு மாறினேன். அது 22.5 அங்குலம், பழைய 20 அங்குல டிஸ்க்கில், அதாவது டயரை மாட்டும் இரும்புச் சக்கரத்தில், ஏறாது. ஸ்டெப்னியோடு சேர்த்து ஏழு டிஸ்க், வாங்கி நாலே மாதம், வாசலில் கிடந்தன.

விற்பதற்காக ஆன்லைனில் டிஸ்க்குகளின் முன்பக்கப் படத்தைப் போட்டேன். யாரும் கேட்கவில்லை. அப்புறம் போல்ட் ஓட்டைகளையும் டயர் கழன்று வராமல் பிடிக்கும் இரும்பு வளையமான லாக் ரிங் உட்காரும் பள்ளத்தையும் கிட்டத்தில் எடுத்துப் போட்டேன். நட்டு லூஸாக ஓடியிருந்தால் ஓட்டை நீண்டுவிடும். பள்ளம் தேய்ந்திருந்தால் காற்றடிக்கும்போது ரிங் தெறித்து ஆளையே கொன்றுவிடும். இதில் மறைக்க எனக்கு மனசு வராது. ஒன்றில் விளிம்பு நசுங்கியிருந்ததையும் எழுதினேன்.

சங்ககிரியிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். ஒவ்வோர் ஓட்டையிலும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். விலையே குறைக்கச் சொல்லவில்லை. நசுங்கியதை விட்டுவிட்டு ஆறையும் ஏற்றிக்கொண்டு போனார்.