புயலிலே ஒரு தோணி: மூன்றாம் முறையில் முடித்தேன்

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலை முடித்துவிட்டேன். நான்கு வருடத்தில் இது மூன்றாவது முயற்சி. அவ்வளவு சந்தோஷம், தூக்கமே வரவில்லை.

நண்பர்கள் நாங்கள் மூன்று பேர் மாதம் ஒரு புத்தகம் மாற்றிக்கொள்கிறோம். காரைக்குடி நண்பர் இதைக் கொடுக்கும்போதே "கதையைத் தேடாதீங்க, பேச்சைக் கேளுங்க" என்றார். முதல் முறை அது எனக்குப் புரியவில்லை. 41ஆம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் முறை சொந்தமாக ஒரு பிரதி வாங்கினேன். நடுவில் ஒரு ஃபாரம் (ஒரே தாளில் அச்சடித்து மடித்த கட்டு), முழுசாகப் 16 பக்கம், இல்லை. முந்தைய ஃபாரமே இரண்டு தடவை தைக்கப்பட்டிருந்தது. கடையில் மாற்றித் தரவும் மாட்டேன் என்றுவிட்டார்கள். அந்தக் கோபத்தில் ஒரு வருடம் தொடவில்லை. இப்போதெல்லாம் பக்க எண்களைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்கிறேன்.

என்னை இரண்டு முறையும் கவிழ்த்தவை கதாநாயகன் பாண்டியனின் நினைவோட்டப் பகுதிகள். இந்தோனேசியாவின் மெதானில் குடித்துக்கொண்டிருப்பான், அடுத்த வரியில் மதுரை வீதியில் நிற்பான். நினைப்பு, பேச்சு, பழைய பாட்டு வரி எல்லாம் ஒரே ஓட்டம். யார் பேசுவது என்று பிடிபடாமல் திரும்பத் திரும்ப மேலே போய்க்கொண்டே இருந்தேன்.

இந்த முறை வாய்விட்டுப் படித்தேன். மொட்டை மாடியில், யாரும் இல்லாத நேரத்தில். ஒரு பத்திக்கு மூன்று தடவை. முதல் தடவை தடுமாற்றம்தான். இரண்டாவதில் மூச்சு எங்கே நிற்கிறது என்று தெரியும். பெரும்பாலும் அங்கேதான் இடமோ ஆளோ மாறுகிறது. அங்கே பென்சிலால் ஒரு சின்னக் கோடு. மூன்றாவது தடவை குரல்கள் தானாகப் பிரிந்துவிடும். இப்படி ஒரு மணி நேரத்தில் ஆறேழு பக்கம்தான் ஓடும். ஆனாலும் அந்த ஆறேழு பக்கம் இப்போது பாதி மனப்பாடம். கண்ணால் மட்டும் படித்திருந்தால் இந்த நாவலின் நடையை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

இன்னொரு முட்டுக்கட்டை வட்டிக்கடைத் தொழில் சொற்கள். கிட்டங்கி (கடைகள் இருக்கும் கட்டடம்), மேலாள் (கடைப் பொறுப்பாளர்), அடுத்தாள் (அவருக்கு அடுத்தவர்), பெட்டியடிப் பையன் (எடுபிடிப் பையன்). நண்பரின் தாத்தா பினாங்கில் வட்டிக்கடையில் இருந்தவர். போன் போட்டுக் கேட்டதும் யாருக்குக் கீழே யார், பெட்டியடிப் பையன் என்னென்ன வேலை செய்வான் என்று அரை மணி நேரம் சொன்னார். சிங்காரமே சிங்கம்புணரியிலிருந்து சின்ன வயதில் மெதானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர்தானே. பின் அட்டையின் உள்பக்கம் மலாக்கா நீரிணையை வரைந்து, இந்தக் கரையில் மெதான், எதிரே பினாங்கு என்று குறித்துக்கொண்டேன். தொங்கான் (பாய்மரக் கப்பல்) புயலில் சிக்கும் இடத்தில் அந்தப் படம் ரொம்ப உதவியது. அந்த அத்தியாயத்தை மட்டும் ஒரே மூச்சில் படித்தேன்.

பதிலுக்கு நான் காரைக்குடி நண்பருக்குக் கொடுத்தது அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. இரண்டே இரவில் முடித்துவிட்டு, 1948 ஹைதராபாத் பற்றி வேறு என்ன இருக்கிறது என்று கேட்கிறார். மூன்றாமவர் கி.ரா.வின் 'கோபல்ல கிராம'த்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார், அதனால் அடுத்த மாத மாற்றல் தள்ளிப்போகும் போலிருக்கிறது.

எங்கள் பொது நோட்டில் இந்த நாவலுக்கான பக்கத்தை நான் இன்னும் எழுதவில்லை. அதற்குள் மனசு சிங்காரத்தின் முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' பக்கம் போய்விட்டது. அவர் எழுதியதே இந்த இரண்டு நாவல்கள்தான். வரும் ஞாயிறு திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் தேடப் போகிறேன். பழைய பதிப்பாகக் கிடைத்தால் இரண்டு பிரதி எடுப்பேன், ஒன்று காரைக்குடிக்கு.