டிட்டுக்குப் பொறவு வென்ட் வராதாம்!

கன்னியாகுமரி கடற்கரையில சங்கு, சிப்பி மாலை விக்குற கடை நமக்கு. நேத்து ஒரு வெள்ளைக்காரம்மாகிட்ட, "டிட் யூ வென்ட் டு த ஸ்டாச்சூ?"ன்னு கெத்தா கேட்டேன். சிரிச்சிட்டே "யெஸ்"ன்னாங்க.

சங்குல தூசி தட்டிட்டிருந்த மவ காதுல வந்து சொல்லுதா: "யப்பா, டிட்டுலயே எறந்தகாலம் வந்துட்டுல்லா? பொறவு எதுக்கு வென்ட்? கோ போதும்."

சரிதான். தமிழ்ல 'போனீங்களா'ன்னு வினைச்சொல்லே காலத்தைச் சுமக்கும். இங்கிலீஷ்ல கேள்வின்னா அந்தச் சுமையை டிட் வாங்கிக்கிடும்.

அதோட விட்டாளா? வாட் யூ வாண்ட்னு கேட்டா வெரட்டுத மாதிரி இருக்காம். 'என்ன வேணும்'கூட ஒரு 'ங்க' போட்டா நமக்கு மரியாதை வந்துரும். இங்கிலீஷ்ல ஏது 'ங்க'? "கேன் ஐ ஹெல்ப் யூ?"ன்னு கேக்கணுமாம்.

காலையிலயிருந்து சங்கைப் பாத்து கேட்டுப் பழகிட்டிருக்கேன்.