முட்டியில் கோத்த நீர்: நான்கு மாத அனுபவம்

ஜூலை கடைசியில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது இடது கால் லேசாகத் திரும்பியது. பெரிய வலி இல்லை. பள்ளிக்கூடம் போய் நாலாம் வகுப்புக்கு அன்றைய பாடத்தை நின்றுகொண்டேதான் நடத்தினேன். மறுநாள் காலை பார்த்தால் முட்டிச் சில்லு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அதற்கு மேலே, தொடைப் பக்கம், வளையம் போல உப்பியிருந்தது. மடக்கினால் உள்ளே காற்றடைத்த மாதிரி இறுக்கம்.

"முட்டியில நீர் கோத்துக்கிச்சும்மா, தண்ணி குறைச்சுக் குடி" என்றார் மாமியார். குறைத்தேன். பேண்டேஜை இறுக்கிச் சுற்றினேன். முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் இதமாக இருந்ததால் பத்து நாள் அப்படியே படுத்துக் கிடந்தேன். நீர் இறங்கவில்லை.

முதலில் போன கிளினிக்கில் ஊசி போட்டு 40 மில்லி எடுத்தார்கள். வெளியே வரும்போது பறப்பது போல இருந்தது. ஆறே நாளில் பழையபடி வீங்கிவிட்டது. ஏன் திரும்ப வருகிறது என்று கேட்டதற்கு "மறுபடி வந்தா மறுபடி எடுக்கலாம்" என்பதுதான் பதில். அந்தப் பதிலை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் தெரியாமல் எத்தனை தடவை ஊசி குத்திக்கொள்வது?

ஆகஸ்ட் நடுவில் புதுச்சேரிக்குப் போனேன். கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் காலை நீட்ட வழியில்லாமல் தவித்தது நினைவிருக்கிறது. அங்கே பார்த்த எலும்பு டாக்டர் ஊசியில் எடுத்த நீரை உடனே பாட்டிலில் விடவில்லை. ஊசி முனையிலிருந்து ஒரு சொட்டை மெல்ல விழவிட்டார். வெளிர் மஞ்சளான அந்தச் சொட்டு அறுந்து விழாமல் விரல் நீளத்துக்கு நூலாக இழுபட்டது. "இது நல்ல சேதி டீச்சர். கிருமித் தொற்றோ கடுமையான மூட்டு வாதமோ இருந்தா தண்ணி மாதிரி சொட்டும்" என்றார். ஆய்வக முடிவும் அதையே சொன்னது: ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணுக்கள் 600. எம்.ஆர்.ஐ.யில், முட்டிக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்புத் தட்டில் சின்னக் கிழிசல்.

"நீர் எங்கிருந்து வருது, எங்கே போகுது டாக்டர்?" என்று கேட்டேன். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். வீட்டுக்கு வந்து இன்னும் படித்தேன். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். இது புரிந்த பிறகுதான் என் கால் தேறியது.

மூட்டின் உட்புறத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு சைனோவியம் என்று பெயர். அதன் மேற்பரப்பு ஒன்று முதல் மூன்று செல் அடுக்குதான். நம் தோலிலும் குடலிலும் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, அடியில் ஒரு தளச்சவ்வின் மேல் உட்கார்ந்திருக்கும். சைனோவியத்தில் அந்தத் தளச்சவ்வும் கிடையாது, இறுக்கமான பிணைப்பும் கிடையாது. செல்களுக்கு நடுவே இடைவெளி உண்டு. அதற்குச் சற்றுக் கீழேயே நுண்ணிய துளைகள் கொண்ட இரத்த நுண்குழாய்கள், இன்னும் ஆழத்தில், திசுக்களில் சேரும் நீரை வடித்துக் கொண்டுபோகும் நிணநீர்க் குழாய்கள். இரத்தத்திலிருந்து வடியும் நீர் இந்த இடைவெளி வழியாக மூட்டுக்குள் வருகிறது, வெளியேறுவதும் இதே சவ்வு வழியாகத்தான். குழாயும் வடிகாலும் ஒன்றே. இரத்தக் குழாயே இல்லாத குருத்தெலும்புக்கு இந்த நீர்தான் சாப்பாடு. நல்ல முழங்காலில் அது 4 மில்லிக்கு மேல் இருக்காது, ஒரு டீஸ்பூன்கூட நிரம்பாது.

இவ்வளவு ஓட்டையான சவ்வு என்றால், உட்கார்ந்து எழும்போது ஏற்படும் அழுத்தத்தில் அந்தக் கொஞ்ச நீரும் ஏன் வெளியே போய்விடுவதில்லை? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சவ்வுச் செல்களே ஹையலூரானிக் அமிலம் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறைச் சுரக்கின்றன. அந்த நூல் இழுபட்டது இதனால்தான். பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். கஞ்சியைத் துணியில் வடிகட்டும்போது முதலில் மளமளவென்று இறங்கும். பிறகு கொழகொழப்பு துணியில் படிந்துகொள்ளும். எவ்வளவு அழுத்திப் பிழிந்தாலும் அதற்கேற்ற வேகத்தில் இறங்காது. மூட்டிலும் அப்படித்தான். அழுத்தம் கூடினால் இந்த மூலக்கூறுகள் சவ்வின் உட்புறத்தில் போய்ச் சேர்ந்து நீர் ஓட்டத்துக்குத் தடை போடுகின்றன. லண்டனில் லெவிக் என்ற உடலியல் ஆய்வாளர் முயலின் முழங்காலில் இதை அளந்து காட்டியிருக்கிறார்.

என் விஷயத்தில் நடந்தது இது: கிழிந்த தட்டு உரசி உரசிச் சவ்வு எரிச்சலடைந்தது. எரிச்சலடைந்த சவ்வில் இரத்தக் குழாய்கள் கூடுதலாகக் கசியும். புரதமும் உள்ளே வந்து சேரும், அது தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைக்கும். வெளியேற்றம் ஈடு கொடுக்க முடியாமல் போகும். கசிவு நிற்காத வரை நாற்பது மில்லி எடுத்தால் நாற்பது மில்லி திரும்ப வரும். குடிக்கும் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தலையணை ஏன் இதமாக இருந்தது என்பதும் புரிந்தது. நீர் கோத்த முட்டியை முப்பது டிகிரி அளவுக்கு மடக்கி வைத்தால் உள்ளழுத்தம் குறைவாக இருக்கும், அந்த நிலையைக் கால் தானே தேடிக்கொள்ளும். ஆனால் அப்படியே கிடந்ததில் என்னால் காலை முழுதாக நீட்ட முடியாமல் போயிருந்தது. போதாததற்கு, வீங்கிய மூட்டு முன்தொடைத் தசையை வேலை செய்யவிடாமல் தடுக்கும். இடது தொடை சுற்றளவு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது.

எனக்குச் சர்க்கரை இருப்பதால் டாக்டர் ஸ்டீராய்டு ஊசியைத் தள்ளிவைத்தார். சில நாள் மாத்திரை, ஐஸ், பிசியோதெரபி. கடலூரிலேயே ஒரு பெண் சொல்லிக்கொடுத்தார். "சும்மா வெச்சிருந்தா நீர் போகாது டீச்சர், மடக்கி நீட்டினாத்தான் நிணநீர்ப் பக்கம் தள்ளும்." சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து அழுத்துவது, படுக்கையில் குதிகாலைத் தேய்த்து மடக்குவது, பிறகு பாரமில்லாத சைக்கிள். காலை மாலை பதினைந்து நிமிடம்.

செப்டம்பரில் ஒரு தவறு செய்தேன். நன்றாக இருக்கிறதே என்று தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் அரை மணி நேரம் நடந்தேன். மணலில் கால் புதைந்து புதைந்து திரும்பியதில் இரவே வீக்கம். பத்து நாள் பின்னுக்குப் போனது. அதற்குப் பிறகு தார்ச் சாலையில்தான் நடக்கிறேன். நாளில் பாதி நேரம் வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்து நடத்துகிறேன். பிள்ளைகளே கரும்பலகையில் எழுதுகிறார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். முட்டி வீக்கத்தோடு காய்ச்சல், தொட்டால் சூடு, காலை அசைக்கவே முடியாத வலி இருந்தால் உடற்பயிற்சி, ஐஸ் என்று ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். மூட்டுக்குள் கிருமி இருந்தால் குருத்தெலும்பு சில நாளிலேயே பாழாகிவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முட்டிச் சில்லுக்கு மேலே டேப் வைத்து வாராவாரம் அளந்து நோட்டில் எழுதினேன். ஆகஸ்டில் இரண்டு காலுக்கும் வித்தியாசம் மூன்றரை சென்டிமீட்டர். இந்த நவம்பர் கடைசி ஞாயிறு அரை சென்டிமீட்டர். சம்மணம் போட்டு உட்கார இன்னும் வரவில்லை. பாடலீஸ்வரர் கோயில் பிரகாரத்தைப் போன வாரம் நிற்காமல் ஒரு சுற்று வந்தேன்.